தாலிக்கு வைத்த காசு

"தாலிக்கு உருக்க வெச்சிருந்த தங்கக் காசு எங்கடா?" பீரோவையே கலைத்துப் போட்டிருந்தாள் அமுதம். பாகூரிலிருந்து வந்த ஆசாரி கூடத்தில் காத்திருந்தார்.

"இளவரசி கேட்டா, குடுத்துட்டேம்மா" என்றான் புகழ்வேந்தன்.

"இன்னாது? கல்யாணத்துக்கு முன்னாடியே தங்கத்து மேல கண்ணா? கூப்புடுறா அவள!"

அடுத்த தெருவிலிருந்து இளவரசி வந்தாள். கையிலிருந்த கண்ணாடிக் குப்பியில் சிவப்புத் தண்ணீர்.

"காசு எங்கம்மா?"

"இதுலதான் அத்தை. லேப்ல தங்கம் தீந்துபோச்சு. ஆராய்ச்சி முடியலன்னா கல்யாணத்தைத் தள்ளிவெக்கணும். அதான் காச அமிலக் கலவைல கரைச்சு, கண்ணுக்கே தெரியாத துகளாக்கினேன்; அவ்ளோ பொடியானா தங்கம் செவப்பாத்தான் தெரியும். அந்தத் துகளுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காம இருக்க, மரம் மாதிரி கிளைவிட்ட மூலக்கூறுகள மேல போத்தியிருக்கேன். நேத்தோட ஆராய்ச்சி முடிஞ்சிடுச்சு."

"அப்போ குறிச்ச தேதியிலயே கல்யாணமா?"

"ஆமா அத்தை."

அமுதம் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு தன் வளையல் ஒன்றைக் கழற்றி ஆசாரியிடம் நீட்டினாள்.

"தாலிக்கு இத உருக்குங்க ஆசாரி. அந்தக் காச என் மருமவளே கரைச்சு, போர்வையும் போத்தி வெச்சிட்டா!"