மூன்று வாளித் தொட்டி

மனித நாகரிகம் என்பது அழுக்குத் தண்ணீரை விட்டு மனிதன் விலகி நடந்த தூரம். என் அக்கா திரும்பி நடக்கிறாள். பானை வனையும் அறையில், கைகழுவும் தொட்டிக்கு அடியில் மூன்று வாளிகளைக் குழாயால் கோத்திருக்கிறாள். களிமண் கழுவிய தண்ணீர் அவற்றில் தெளிந்து, மறுபடி அவள் கைகழுவவே வருமாம். முதல் வாளி அழுகிய முட்டையாக நாறுகிறது. மேலே பாலாடைபோல் ஒரு தோல், அதில் ஒரு தலைமுடி. அக்கா முழங்கை வரை கையை விட்டுத் துழாவுகிறாள். "எருமைகூட இதுல இறங்க யோசிக்கும்க்கா." "நாத்தம்னா வெளிய போடா." வாசலில் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். "இன்னொரு தடவ களிமண் போய் வீட்டுச் சாக்கடை அடைச்சுதுன்னா, உன் சக்கரம் தெருவுலதான்." அக்கா வாய் திறப்பதற்குள் வாளியிலிருந்து குழாய் கழன்றுகொள்கிறது. அவள் இரண்டு கையாலும் ஓட்டையைப் பொத்துகிறாள். அதற்குள் கொட்டிய சாம்பல் நிறச் சேறு, கொழகொழவென்று, தரையின் சாக்கடைத் துளையை நோக்கி ஊர்கிறது. நான் மண்டியிட்டு, துளைக்கு முன்னால் இரண்டு உள்ளங்கைகளையும் அணையாக வைக்கிறேன். கையில் முட்டும் சேறு வெதுவெதுப்பாக இருக்கிறது.