கரப்பான் பார்த்த தேதி

ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டர் படித்த கரப்பான் ஒன்று இருந்தது. படித்ததாக அதுவே சொல்லிக்கொண்டு திரிந்தது. ஆகஸ்ட் ரெண்டாம் சனிக்கிழமை பூச்சிமருந்து அடிக்கப் போகிறார்கள் என்று செய்தி கசிந்ததும், அதற்குள் காலி செய்ய வேண்டுமே என்று அதன் சொந்தபந்தம் நடுங்கியது.

"சனி எட்டாம் தேதி வருது," என்றது சுவர்க் காலண்டருக்குப் பின்னால் குடியிருந்த பல்லி.

"இன்னுமா பேப்பரை நம்புறீங்க, பல்லியக்கா?" கரப்பான் கீபோர்டில் குதித்து, காலண்டர் காட்டும் கட்டளையைத் தட்டி, மாதம் 8 என்றும், 2026-ஐ வெறும் 26 என்று ஸ்டைலாகச் சுருக்கியும் கொடுத்தது. கறுப்புத் திரையில் மாதம் விரிந்தது. "பாருங்க, பத்தாம் தேதி."

"தம்பி, ரெண்டாயிரத்தை விட்டுட்டியே. இது ஏசுநாதர் காலத்து ஆகஸ்ட்டுப்பா."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? சும்மா உச்சுக்கொட்டாதீங்கக்கா."

சொந்தபந்தம் திரையைக் கும்பிட்டுவிட்டு, ஒன்பதாம் தேதி கிளம்பலாம் என்று நிம்மதியாகப் படுத்தது.

எட்டாம் தேதி காலையிலேயே மருந்துக்காரர் வந்துவிட்டார். மல்லாந்து கிடந்த கரப்பான், ஆறு காலையும் உதறிக்கொண்டே திரையை இன்னொரு தரம் பார்த்தது.

"இன்னைக்கு வியாழக்கிழமை," என்றது. "அந்த ஆளுக்குத்தான் தேதி பார்க்கத் தெரியல."