தச்சரின் கை

அடிமைமுறையை ஒட்டி மூண்ட போருக்கு முந்தைய கோடையில், அரசாங்கத்துக்காக ஆற்றின் இரு கரைகளிலும் தச்சர்களின் சொத்தைக் கணக்கெடுத்தேன். அடிமைகள் இல்லாத அக்கரையில் தச்சருக்கு ஓர் உளிப்பெட்டியும் ஒரு பசுவும்தான். இக்கரைத் தச்சர் சாத்தப்பருக்கோ இருபது மடங்கு. ஏழு அடிமைகளின் விலையும் அதில் சேர்த்தி. இக்கரையில் இது நான்காவது வீடு. இதுவரை ஒரு தச்சர் கையிலும் காய்ப்பைக் காணோம்.

நான் எழுதிய மேசை ஆடியது. "இதைக் கொஞ்சம் சரிபண்ணுங்களேன்," என்றேன்.

"ஏலே மருதையா!" என்று கத்தினார் சாத்தப்பர்.

அடிமை மருதையா வந்து ஆப்பு ஒன்றைச் சீவி அடித்தார். ஆட்டம் நின்றது.

"அப்ப தச்சர் யாருங்க?" எரிச்சலோடு கேட்டேன்.

"நான்தான்."

"இவர்?"

"இவனைத்தான் சொத்துல எழுதியாச்சே. ஒரே ஆளை எத்தனை தடவைய்யா எழுதுவீங்க? உயிரை வாங்காதீங்க."

உளியைத் துடைத்தபடி மருதையா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "என் கையை ஐயா பேருல எழுதியாச்சு. அக்கரைத் தச்சரோட கையை யாரு பேருல எழுதினீங்க, சாமி?"