மாடு தின்னாத சட்டை

போர் ஓய்ந்த பிறகும் பாதை திறக்கவில்லை. நகரத்துக்குள் சவர்க்காரமும் வரவில்லை, பால்மாவும் வரவில்லை. பனம்பழத்தைப் பிசைந்து, அந்தக் களியில்தான் எல்லோரும் உடுப்புத் தோய்த்தார்கள். வேலியில் காய்ந்த சுகிர்தாவின் பள்ளிக்கூடச் சட்டையை, வாசம் பிடித்து வந்த பக்கத்து வீட்டுப் பசு பாதி மென்றுவிட்டது. பசுவின் சொந்தக்காரி இராசமலர் மாமி ஒரு போத்தல் பாலோடு வந்தாள். “குறை நினையாதை பிள்ளை. தம்பிக்குக் காய்ச்சிக் குடு.” அன்றைக்குத்தான் கைக்குழந்தைத் தம்பி அழாமல் தூங்கினான்.

மறுநாள் சுகிர்தா, மிஞ்சியிருந்த ஒரே சட்டையைப் பனங்களியில் நன்றாக ஊறவைத்து, அலசாமலே எடுத்துப் பசுவின் வாய்க்கு எட்டும்படி வேலியில் போட்டாள். பிறகு கிணற்றுக்கட்டின் பின்னால் பதுங்கினாள். பசு வருமுன் மாமி வந்துவிட்டாள். களி சொட்டும் சட்டையைப் பார்த்தாள். கட்டுக்கு வெளியே தெரிந்த இரண்டு சின்னப் பாதங்களையும் பார்த்தாள். பசுவை இழுத்துப்போய்த் தூரத்து மூலையில் கட்டினாள். சுகிர்தாவுக்கு அழுகை முட்டியது.

வெயில் சாயும் நேரம் மாமி படலையைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் பால் போத்தல்.

“இந்த மாட்டோடை பெரிய கரைச்சல், பிள்ளை. இண்டைக்கும் உன்ரை சட்டையைத் திண்டுட்டுது.”

அவளுக்குப் பின்னால், வேலியில், சட்டை முழுசாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. சுகிர்தா இரண்டு கையாலும் போத்தலை வாங்கினாள்.