கயிறு இல்லாத ரவுண்டு

குதிரையேற்றம் பழக்கும் பிரேமினி, குதிரையைப் பிடித்திருந்த கயிற்றைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இனி நீங்களும் அவனுந்தான் அண்ணே. வேலியோரமா ஒரே ஒரு ரவுண்டு. பாதி நடை, பாதி ஓட்டம்."

குதிரை மேலிருந்த செல்லசாமி தலையை ஆட்டினான்.

இந்த ஒரு ரவுண்டை முடித்துவிட்டால் வேலை கிடைத்துவிடும். வெளிநாட்டுக்காரர்களைக் குதிரையில் ஏற்றித் தேயிலை மலைக்குள் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிற வேலை. முடிக்காவிட்டால் நாளைக்கு மறுபடியும் அட்டன் பஸ்ஸில் டிக்கட் கிழிக்க வேண்டியதுதான்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவன் பஸ் கண்டக்டர். நின்று நின்றே கால் நரம்பெல்லாம் சுருண்டுபோய்விட்டது. இனியாவது உட்கார்ந்து பார்க்கிற வேலையாக ஒன்று வேண்டும் என்று தேடித்தான் நுவரெலியாவிலிருந்த இந்தக் குதிரைப் பள்ளிக்கு வந்து சேர்ந்தான்.

குதிரை ஓடத் தொடங்கினால் அதன் மேல் எழுந்து எழுந்து உட்கார வேண்டும் என்று அப்போது யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

முதல் நாள் நடந்த கூத்து தனி. ஏறுவதற்கு முன்பே, பஸ்ஸின் தகரத்தில் தட்டுகிற பழக்கத்தில், கிழட்டுக் குதிரை லில்லியின் முதுகில் ரெண்டு தட்டுத் தட்டி "ரைட்" என்றுவிட்டான். லில்லி அவனை விட்டுவிட்டுப் புறப்பட்டுப் போய்விட்டது.

அப்புறம் ஏறக் கற்றான், இறங்கக் கற்றான். குதிகாலைக் கீழே அழுத்தவும், கீழே பார்க்காமல் குதிரையின் காதுகளுக்கு நடுவே தூரத்தைப் பார்க்கவும் கற்றான். தொடை ரெண்டும் புண்ணாகி, பஸ் படியில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினான். பயணிகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஒருநாள் சேற்றில் விழுந்து அந்தக் கோலத்திலேயே வீட்டுக்குப் போனான்.

"குதிரையோட கொணம் தெரிஞ்சுதான் சாமி அதுக்குக் கொம்பு வைக்கல. நீங்க அதுக்கிட்ட போய் மல்லுக்கட்டுறீங்க," என்று சொல்லிக்கொண்டே அவன் பெண்சாதி காளியாயி தைலம் தேய்த்துவிட்டாள். சிரிப்பை அடக்கத்தான் அவளால் முடியவில்லை.

இன்றைக்கு லில்லி இல்லை. அதுக்கு லாடம் அடிக்க வேண்டும் என்று சொல்லி, பிரேமினி ஒரு கறுப்புக் குதிரையைக் கொடுத்திருந்தாள். கேப்டன் என்று பேர். வேலிக்கு அந்தப் பக்கம் முதலாளியம்மாவே வந்து நின்றார். பரீட்சை என்றால் பெரியவர்கள் வரத்தானே செய்வார்கள் என்று செல்லசாமி இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

நடை சுகமாகவே போனது. மூலையில் திரும்பிக் குதிகாலால் லேசாகத் தொட்டதும் கேப்டன் ஓட்டமெடுத்தது. எழு, உட்கார். எழு, உட்கார். செல்லசாமிக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. வளைவுக்கு வளைவு ஆடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கட் கிழித்த இடுப்பு இதற்கா அசரும்?

அந்த நேரம் பார்த்து மேல் ரோட்டில் அவனுடைய பஸ்ஸே வந்தது.

அவனுக்குப் பதிலாக அன்றைக்கு வேலைக்கு ஏறியிருந்த லோஜன், மிதிபலகையில் தொங்கிக்கொண்டு நானுஓயாப் பக்கம் போகிறவன், கூட்டாளியைக் கண்டுவிட்டான். பஸ் தகரத்தில் படபடவென்று அறைந்தான்.

"செல்லசாமிண்ணே! ரைட்டே ரைட்!"

டிரைவர் தன் பங்குக்கு ஹோர்னை அமுக்கினார்.

கேப்டனின் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. காதுகள் பின்னால் மடிந்தன. முன்னங்கால்கள் நிலத்தை விட்டுக் கிளம்பின.

பிரேமினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பழக்கதோஷத்தில் பதிலுக்குத் தட்டப் போன கையைச் செல்லசாமி அந்தரத்திலேயே நிறுத்தினான். காலை இறுக்கவில்லை. கடிவாளத்தைப் பிடித்து இழுக்கவும் இல்லை. சனம் நெருக்கியடிக்கிற பஸ்ஸில் யாராவது பதறினால் எந்தக் குரலில் பேசுவானோ அந்தக் குரலில் பேசினான்.

"அவசரப்படாதீங்க, எடம் இருக்கு. மெதுவா, மெதுவா."

கேப்டன் கால்களைக் கீழே வைத்தது. மூக்கால் பெரிதாக மூச்சு விட்டது. கொஞ்சம் தடுமாறி, மறுபடியும் அதே தாளத்தில் ஓடத் தொடங்கியது.

ரவுண்டு முடிந்தது.

பிரேமினி ஓடிவந்தாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீர். கைகுலுக்கத்தான் வருகிறாள் என்று செல்லசாமி குனிந்து கையை நீட்டினான். அவள் அதைப் பார்க்கவேயில்லை. குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"பாஸாயிட்டடா, பாஸாயிட்ட!"

வேலிக்கு அந்தப் பக்கம் முதலாளியம்மா கைதட்டினார்.

"அப்ப எனக்கு வேல கெடச்சிருச்சா மிஸ்?"

"ஒங்களுக்குப் போன கெழமையே கெடச்சிருச்சுண்ணே," என்றாள் பிரேமினி, கழுத்தை விடாமலேயே. "இன்னைக்குப் பரீட்சை இவனுக்கு. ரேஸ்ல ஓடுனவன். புதுசா ஏறிப் பழகுற ஆளு யாரு ஏறுனாலும் தூக்கி எறிஞ்சிருவான். இன்னைக்கும் எறிஞ்சா வித்துரலாம்னு முதலாளியம்மா சொல்லிட்டாங்க. முன்னாடியே சொன்னா ஒங்க காலு இறுகிரும், அதான் சொல்லல."

செல்லசாமிக்கு அப்போதுதான் தொடை நடுங்கத் தொடங்கியது. "எறங்குங்கண்ணே," என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பிடரி மயிரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, புதிதாக ஏறியவனைப் போல அப்படியே கவிழ்ந்து கிடந்தான்.

அவன் நடுக்கம் அடங்கி இறங்கும்வரை கேப்டன் அசையாமல் நின்றது.