உரிமையாளர்: தாமோதரன்

தோசைக் கரண்டியோடு அவன் கூடத்துக்கு வந்தபோது அவள் மடிக்கணினியைப் படாரென்று மூடினாள்.

பன்னிரண்டு வயது. அவன் மனைவி பூங்கொடியின் மகள், ஓவியா.

"எங்கப்பா எடுத்த ஃபோட்டோ," என்றாள் அம்மாவிடம். "எல்லாத்துலயும் இவர் பேர் இருக்கு."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பூங்கொடி அவனைப் பார்த்தாள். கோபமில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

கல்லில் தோசை கருகியது.

அந்த வீட்டில் மூன்று கணினிகள். பூங்கொடி புத்தகம் வடிவமைக்கும் மேக். டிவிக்குக் கீழே அவனுடைய லினக்ஸ் பெட்டி. பிறகு, ஓவியாவின் அப்பா விட்டுப்போன விண்டோஸ் மடிக்கணினி. கல்யாணமாகி நான்கு மாதம். மூன்றும் முகம் கொடுத்துப் பேசாத சம்பந்திகள் மாதிரி ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தன.

அவன் ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவன். வீட்டிலும் அதேபோல எல்லாருக்கும் பொதுவாக ஓர் இடம், ஆளுக்கொரு லாகின், எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அவரவர் கோப்பு அவரவருக்கு. ஒரு சனிக்கிழமை வேலை என்று நினைத்தான். மனுஷனுக்கு ஆசை.

பழைய மடிக்கணினி சில வாரங்களாகக் கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அப்பா இறந்து இந்த இரண்டு வருடமும் ஓவியா அதை அவருடைய லாகினில்தான் திறந்தாள். திரையில் முதலில் அந்தப் பெயர் வரும். ரகுபதி. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் கடவுச்சொல்லை அடிப்பாள்.

ஹார்ட் டிஸ்க் போனால் அந்தப் பெயரும் போய்விடும்.

"ஒண்ணும் போகாது, நான் காப்பி பண்ணிடறேன்," என்று அவன்தான் வாக்குக் கொடுத்தான்.

ஒன்றும் போகவில்லை. மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகளும் லினக்ஸ் பெட்டிக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தன. அவளுக்கென்று வாங்கிய புது மடிக்கணினியிலிருந்து அவள் அவற்றைத் திறந்து பார்த்தாள்.

ஒவ்வொன்றுக்கும் நேராக, உரிமையாளர்: தாமோதரன்.

அவன் பெயர்.

ரகுபதிக்குப் படம் எடுக்கவே வராது என்று பூங்கொடி சொல்வாள். பாதிப் படங்களில் ஓரமாக அவருடைய கட்டைவிரல் விழுந்திருக்குமாம். யார் நகலெடுக்கிறார்களோ அவர்கள் பெயரைக் கணினி போட்டுக்கொள்ளும். கட்டைவிரல் யாருடையது என்று அதற்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். இருபது வருடமாக இந்த வேலையில் இருப்பவன், அவசரத்தில் தன் லாகினிலேயே நகலெடுத்துத் தொலைத்தான்.

நான்கு மாதமாக அவள் அவனை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. 'இவர்' என்பாள். இனி அதுவும் இல்லாமல் போய்விடுமோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

ஞாயிறு காலை அவளைக் கூப்பிட்டான்.

வந்தாள். நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

லினக்ஸ் பெட்டியில் புதிதாக ஒரு கணக்கைத் தொடங்கினான். பெயர் கேட்டது. ரகுபதி என்று அடித்தான்.

அவள் நாற்காலிக்குப் பின்னாலிருந்து பக்கத்தில் வந்து நின்றாள்.

கடவுச்சொல் கேட்டது.

"அப்பாவோட பாஸ்வேர்ட் உனக்குத் தெரியும்ல? அதையே போடு."

எழுந்து நாற்காலியைக் கொடுத்தான். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். ஆய்வகத்துப் பழக்கம். யார் கடவுச்சொல் அடித்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஏ.டி.எம்.மில் சொந்த மனைவி எண்ணை அழுத்தும்போதுகூட அப்படித்தான் நிற்பான். பூங்கொடி தலையில் அடித்துக்கொள்வாள்.

விசைகள் தட்டப்படுவதைத் தன்னையறியாமல் எண்ணினான். எண்ணியதற்குத் தன்னையே திட்டிக்கொண்டான்.

"போட்டாச்சு."

குனிந்து, உரிமையாளரை மாற்ற ஒரே ஒரு வரி அடித்தான். கோப்புகளை விரித்துக் காட்டினான். அவன் பெயர் எங்கும் இல்லை.

உரிமையாளர்: ரகுபதி. உரிமையாளர்: ரகுபதி.

அவள் ஒன்றைக்கூட விடாமல் கடைசிவரை உருட்டிப் பார்த்தாள். வெகுநேரம் ஆனது. அவன் அவசரப்படுத்தவில்லை.

பிறகு, 'வீடு' என்று அவன் ஏற்கெனவே உண்டாக்கி வைத்திருந்த குழுவில் இந்தப் பெயரையும் சேர்த்தான். பட்டியல் வந்தது.

பூங்கொடி.

ஓவியா.

ரகுபதி.

அவள் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பேரு?"

"நான் அட்மின். எனக்கு எல்லாமே திறக்கும். லிஸ்ட்ல இருக்கணும்னு இல்ல."

"என் ஃபோல்டரும் திறக்குமா?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"திறக்கும்."

"திறந்தீங்களா?"

"இல்ல."

முதல்முறையாக அவள் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

அப்பாவைக் குழுவில் சேர்க்க அவன் அடித்த வரி திரையில் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் பெயரை மட்டும் மாற்றி, ஒற்றை விரலால் அவள் அடிக்க ஆரம்பித்தாள்.

அவன் பழக்கதோஷத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான். நாள்காட்டியில் வெள்ளிக்கிழமைத் தாள் இன்னும் கிழிக்கப்படாமல் இருந்தது.

விசைச் சத்தம் நின்றது.

"இது பாஸ்வேர்ட் இல்ல," என்றாள். "பாக்கலாம்."

அவன் திரும்பினான். பட்டியலில் ரகுபதிக்குக் கீழே தாமோதரன் என்று இருந்தது.