இரண்டு விரல் தள்ளி

ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையில் கருவை வைத்து அனுப்பிப் பதினோரு நாளாகிறது. கரு தங்கியிருக்கிறதா என்று ரத்தம் கொடுத்துப் பார்க்க இன்னும் மூன்று நாள். மனைவி மிதிக்கக் கூடாதென்று, அவளுடைய தையல் மெஷினின் பெல்ட்டையே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறார் தையல்காரர். சுற்றாத சக்கரத்தின் மேல் மாலை வெயில் கிடக்கிறது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து யாருடைய சட்டைக்கோ பட்டன் தைக்கிறாள். ஒவ்வொரு பட்டன் முடிந்ததும் கை வயிற்றுக்குப் போகிறது; அவர் திரும்பினால், மடியிலிருக்கும் சட்டையை நீவுவதாகப் பாவனை செய்கிறது.

"மிஷின் சும்மா கெடக்கறதப் பாக்க முடியலைங்க."

"அதுவும் மூணு நாள் லீவு எடுக்கட்டும், விடு."

வெட்டுமேஜையில் அவளுடைய புதுச் சுடிதார் துணி விரிந்திருக்கிறது. அவள் அளவு அவருக்கு மனப்பாடம். இடுப்புக்குச் சாக்பீஸால் கோடு போடுகிறார். சற்று நேரம் அதையே பார்க்கிறார். பிறகு கட்டைவிரலால் அழித்துவிட்டு, இரண்டு விரல் தள்ளி இன்னொரு கோடு போடுகிறார்.

"எதுக்குங்க அவ்வளவு?"

"வேணாம்னா பிடிச்சுத் தச்சுக்கலாம்." நிமிராமலே சொல்கிறார். கத்தரி வாயைத் திறந்தபடி துணியின் விளிம்பில் நிற்கிறது.

அவள் ஊசியைச் சட்டையில் குத்திவைக்கிறாள்.

"அப்ப, இன்னும் ஒரு விரல் விடுங்களேன்."